அழகு வியாபாரத்தைத் தொடங்கியது யார், பணம் போய்ச் சேர்ந்தது யாரிடம்?

“பெண்களுக்குத் தாழ்வு மனப்பான்மையை உண்டாக்கி, அதை வைத்துக் காசு பார்க்க ஆண்கள் உருவாக்கியதுதானே இந்த அழகுசாதனத் தொழில்? பெண்களுக்கு இதனால் என்றைக்காவது நன்மை இருந்ததா?” என்பது கேள்வி.

பாதி சரி. தாழ்வு மனப்பான்மையை வைத்துக் காசு பார்த்தார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆண்கள் உருவாக்கினார்கள் என்ற இடத்தில்தான் வரலாறு இடிக்கிறது. க்ரீம், ஷாம்பு, லிப்ஸ்டிக், பியூட்டி பார்லர், பத்திரிகை விளம்பரம் என்று இன்றைக்கு நாம் பார்க்கிற வடிவம் பெரும்பாலும் அமெரிக்காவில், 1890களுக்கும் 1930களுக்கும் நடுவே திரண்டு வந்தது. அங்கே இதைக் கட்டி எழுப்பியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள். அதிலும் பெரிய வீட்டுப் பெண்கள் அல்லர். துணி வெளுத்துப் பிழைத்தவர், ஊர் விட்டு ஊர் வந்தவர், பார்லரில் கூலிக்கு இருந்தவர் என்ற ரகம். ஆண்கள் பிறகு வந்தார்கள். எப்போது வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் ஒரு சங்கதி. பூச்சும் பவுடரும் எக்காலத்திலும் பெண்களுக்கே உரியவையாக இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபு வீட்டு ஆண்கள் பொய்முடி வைத்து, அதன்மேல் மாவைத் தூவிக்கொண்டுதான் சபைக்கு வந்தார்கள். 1795இல் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட், பிரான்சோடு நடந்த போரின் செலவைச் சமாளிக்கத் தலைப்பவுடர் போடுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அன்றைய பிரிட்டிஷ் தங்கக் காசு) வரி விதித்தார். அப்போது தானியத் தட்டுப்பாடு வேறு. ரொட்டிக்கு மாவு இல்லாத நேரத்தில் தலையில் கொட்டுகிறார்களே என்று ஜனங்கள் கடுப்பாக, அந்தப் பழக்கம் சில வருஷங்களில் ஒழிந்தது. அடுத்த நூற்றாண்டில் ஆண்கள் கறுப்புக் கோட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். முகப்பூச்சு நாடகக்காரிக்கும் வேசிக்கும் உரியது என்று முத்திரை விழுந்தது. கௌரவமான பெண்கள் பன்னீர், பாதாம் எண்ணெய், தேன்மெழுகு கலந்து வீட்டிலேயே கிண்டி, சத்தமில்லாமல் பூசிக்கொண்டார்கள். செய்முறை அம்மாவிடமிருந்து மகளுக்குப் போனது.

இந்த இழிவுதான் பெண்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது என்பது என் கருத்து. முதலுள்ள ஆண்கள் ரயில், எஃகு, எண்ணெய் என்று போய்க்கொண்டிருந்தார்கள். முகத்துக்குக் களிம்பு விற்பதை ஒரு தொழிலாகவே மதிக்கவில்லை. பெண்ணுக்கு வங்கி கடன் தராது, பெரும்பாலான கல்லூரிகள் இடம் தராது. ஆனால் களிம்பு காய்ச்ச ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் போதும். விற்பதற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் போதும்.

அப்படி வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மேடம் சி. ஜே. வாக்கர். இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867இல் லூசியானாவின் டெல்டா என்ற ஊரில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். 7 வயதில் தாய் தகப்பன் இருவரும் இல்லை. 14 வயதில் கல்யாணம், 20 வயதில் கையில் பெண் குழந்தையோடு விதவை. செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய் ஊரார் துணி துவைத்துப் பிழைத்தார். ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் குனிந்து நின்றால் கூலி ஒரு டாலர் சொச்சம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. அவருக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்துக் கறுப்பினப் பெண்கள் பலருக்கும் இதே கதைதான். வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது, தலைக்குக் குளிப்பது எப்போதாவது, கிடைக்கிற சோப்பு காரம் மிகுந்தது, உச்சந்தலை முழுக்கப் புண்ணும் பொடுகும்.

அதே ஊரில் ஆனி டர்ன்போ (பிறகு ஆனி மலோன்) என்ற கறுப்பினப் பெண் ‘போரோ’ என்ற பெயரில் கூந்தல் மருந்து விற்றுக்கொண்டிருந்தார். சாரா முதலில் அவருடைய ஏஜென்ட். 1905இல் டென்வர் போய், அடுத்த வருஷம் சார்லஸ் ஜோசப் வாக்கரைக் கல்யாணம் செய்து, கணவர் பெயரில் தன் சொந்தச் சரக்கை இறக்கினார். சரக்கில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை: வாஸலின் மாதிரிப் பொருளில் கந்தகம் கலந்த களிம்பு. கந்தகம் பொடுகை அடக்கும். கூடவே, அடிக்கடி தலை அலசுங்கள் என்ற கட்டளை. புண் ஆறினால் முடி தானே வளரும். விளம்பரத்தில் என்ன சொன்னாலும் விஷயம் அவ்வளவுதான். பழைய முதலாளி ஆனி, தன் சரக்கைக் காப்பியடித்துவிட்டார் என்று ஆத்திரப்பட்டார்; அதில் நியாயம் இல்லாமலில்லை.

வாக்கர் விற்றது டப்பாவை மட்டும் என்று நினைத்தால் கதையின் முக்கியப் பகுதி தவறிப்போகும். வீட்டு வேலை, சமையல், துணி துவைத்தல், வயல் வேலை தவிர வேறு பிழைப்பே கிடைக்காத பெண்களுக்கு அவர் வேலை கொடுத்தார். பயிற்சிப் பள்ளி வைத்தார். பயிற்சி முடித்தவர் ஒரு பெட்டி நிறையச் சரக்கோடு வீடு வீடாகப் போய்த் தலை அலசி, களிம்பு தடவி, சீவிவிட்டு, டப்பாவும் விற்றுவிட்டு வருவார். வெள்ளைக்காரச் சீமாட்டியின் சமையலறையிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி அன்றைக்குக் குறைவு.

1912இல் சிகாகோவில் கறுப்பின வணிகர்களின் தேசிய மாநாடு. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். வாக்கருக்குப் பேச வாய்ப்புக் கேட்டார்கள். தலைவர் கண்டுகொள்ளவே இல்லை. கூந்தல் வியாபாரம் அவருக்கு மட்டமாகப் பட்டது. கடைசி நாளில் வாக்கர் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து நின்றுவிட்டார். தெற்கின் பருத்தி வயலிலிருந்து வந்தவள் நான், அங்கிருந்து துணித் தொட்டிக்கு உயர்ந்தேன், தொட்டியிலிருந்து அடுப்படிக்கு உயர்ந்தேன், அங்கிருந்து கூந்தல் சரக்குத் தயாரிக்கும் தொழிலுக்கு என்னை நானே உயர்த்திக்கொண்டேன், என் சொந்த மண்ணில் என் சொந்தத் தொழிற்சாலையைக் கட்டியிருக்கிறேன் என்று போட்டு உடைத்தார். அடுத்த வருஷ மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்.

1917இல் பிலடெல்பியாவில் அவருடைய ஏஜென்ட்களின் மாநாடு நடந்தது. 200க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். அதிகம் விற்றவருக்குப் பரிசு இருந்தது. தர்ம காரியத்துக்கு அதிகம் கொடுத்தவருக்கும் பரிசு இருந்தது. கறுப்பினத்தவரைக் கும்பலாக அடித்துக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அந்த மாநாட்டிலிருந்து குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்குத் தந்தி போனது. கூந்தல் களிம்பு விற்கிறவர்கள் கூடிய கூட்டம் இது. இன்றைக்கு எந்த அழகுசாதன நிறுவனத்தின் விற்பனை மாநாட்டிலாவது இப்படி நடக்குமா தெரியவில்லை.

சூடான சீப்பால் முடியை நேராக்கி, வெள்ளைக்காரிபோல ஆகச் சொல்கிறார் என்று வாக்கர்மேல் அன்றைக்கே விமர்சனம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. முடியை நேராக்குவதாக நான் சொல்லவே இல்லை, ஆரோக்கியமாக வளர்ப்பதுதான் என் வேலை என்று அவர் மறுத்தார். மறுப்பு அரைகுறைதான், ஏனென்றால் சீப்பு அவர்கள் பெட்டியில் இருந்தது. ஆனால் தோலை வெளுக்கும் க்ரீமை அவர் உயிரோடு இருந்தவரை விற்கவில்லை. 1919இல் அவர் இறந்த பிறகுதான் அந்த நிறுவனம் அதில் இறங்கியது. ஆனி மலோன் 1957 வரை வாழ்ந்தார். 1927இல் விவாகரத்தின்போது அவருடைய கணவர் தொழிலில் பாதியைக் கேட்க, 2,00,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது.

வெள்ளையர் பக்கத்தில் இரண்டு பெயர்கள்: ஹெலெனா ரூபின்ஸ்டீன், எலிசபெத் ஆர்டன். முன்னவர் போலந்தின் கிராகோவில் பிறந்த யூதப் பெண். 1896இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியவர். ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் கொழுப்பு அந்த ஊரில் தாராளம். அதன் நாற்றத்தை வாசனைப் பொருளால் மறைத்து, ‘வலாஸ்’ என்ற பெயரில் ஐரோப்பிய மூலிகை க்ரீம் என்று விற்று மெல்பர்னில் கடை போட்டார். பிறகு லண்டன், பாரிஸ், 1915இல் நியூயார்க். பின்னவர் கனடாவில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரகாம் என்ற பெயரோடு பிறந்த ஏழைப் பெண். நியூயார்க் பார்லர் ஒன்றில் வேலை கற்று, சிவப்புக் கதவு வைத்த தன் சொந்தக் கடையைத் திறந்தார். இரண்டு பேருக்கும் ஆகாது. ஆர்டன் ரூபின்ஸ்டீனின் விற்பனைக்காரர்களை இழுத்தார். ரூபின்ஸ்டீன் பதிலுக்கு ஆர்டனின் விவாகரத்தான கணவரையே வேலைக்கு வைத்தார். வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் சந்திக்காமலே ஒரே நகரத்தில் மல்லுக்கு நின்றார்கள்.

1928இல் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ரூபின்ஸ்டீன் தன் அமெரிக்கத் தொழிலை லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கிக்கு 73 லட்சம் டாலருக்கு விற்றார். (2008இல் திவாலாகி உலகத்தையே ஆட்டிய அதே லேமன்தான்.) வங்கிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்: பார்லரில் உட்காரவைத்து, முகம் பார்த்து, ஆளுக்கு ஆள் ஆலோசனை சொல்லி விற்றால் எத்தனை பேருக்கு விற்க முடியும்? விலையைக் குறைத்து ஊரிலுள்ள மருந்துக் கடைகளிலெல்லாம் அடுக்குவோம். அடுக்கினார்கள். பணக்கார வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு 1929இல் பங்குச் சந்தையே குப்புற விழுந்தது. ரூபின்ஸ்டீன் அடிமாட்டு விலைக்கு வந்த பங்குகளைத் திரட்டி, சுமார் 15 லட்சம் டாலரில் தன் கம்பெனியைத் திரும்ப வாங்கிவிட்டார். மிச்சம் 58 லட்சம். அந்தச் சுற்றில் ஜெயித்தது அவர்தான். ஆனால் தொழில் போகிற திசையை வங்கிக்காரர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். இனிமேல் கைக்குக் கை விற்பனை தேயும், அலமாரியும் விளம்பரமும் ஆளும். அலமாரிக்கும் விளம்பரத்துக்கும் பெரிய முதல் வேண்டும், முதல் ஆண்கள் கையில் இருந்தது. அவர்கள் உள்ளே வந்த வழி இதுதான்.

விளம்பரம் என்றதும் ஒரு விஷயம். அதையும் ஆண்களே எழுதினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தில் ஹெலன் லான்ஸ்டவுன் ரிசோர் 1911இல் உட்பரி சோப்புக்கு எழுதியது, ‘தொடத் தூண்டும் சருமம்’ என்ற பொருள்படும் வாசகம். பெண்ணை ஆண் நெருங்கி அணைக்கிற ஓவியம் கூடவே. அன்றைக்கு அது கொஞ்சம் துணிச்சல். ரிசோர் தன் பிரிவில் பெண்களையே சேர்த்தார். அவர்களில் சிலர் வாக்குரிமைப் போராட்டத்தில் களப்பணி செய்தவர்கள். அந்தப் பிரிவு கையாண்ட சரக்குகளில் ஒன்று நம் வீட்டு அலமாரிகளுக்கும் பிறகு வந்து சேர்ந்த பாண்ட்ஸ் க்ரீம். 1924இல் அதன் விளம்பரத்தில் வந்தவர் ஆல்வா பெல்மான்ட், வாக்குரிமை இயக்கத்துக்குப் பணத்தை வாரி வழங்கிய கோடீஸ்வரி. தன் முகத்தைப் போட அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய நூலகத்தின் படத்தைப் போட்டார்கள். கிடைத்த பணம் பெண்கள் கட்சிக்குப் போனது. பெண்ணுரிமைக்கும் முகக் க்ரீமுக்கும் ஆகாது என்ற எண்ணம் அன்றைக்கு எல்லாருக்கும் இருக்கவில்லை.

கேட்டவர் பக்கம் முழு நியாயம் இருக்கிற இடம் ஒன்றும் உண்டு: அக்குள் முடி. 1915க்கு முன் அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கையில்லாத உடை வந்ததும், ஆண்களுக்குச் சவரக் கத்தி விற்றுக்கொண்டிருந்த ஜில்லெட் பெண்களுக்கென்று தனிக் கத்தி ஒன்றை அந்த வருஷம் இறக்கியது. முடி நீக்கும் பொடி விற்றவர்களும் பத்திரிகைகளில் புகுந்து, அது அசிங்கம், கோடையிலும் நடன மேடையிலும் நாகரிகப் பெண்ணுக்கு ஆகாது என்று ஓயாமல் சொன்னார்கள். ஏற்கெனவே இருந்த ஆசைக்குத் தீனி போட்டதல்ல இது. இல்லாத குறையை உண்டாக்கி, அதற்கு மருந்தையும் விற்ற வேலை. வாய் நாற்றத்தைச் சொல்லிக் கல்யாணமாகாத பெண்ணைப் பயமுறுத்திய லிஸ்டெரின் விளம்பரமும் இந்த வகைதான்.

பயத்தைவிட மோசமான சேதமும் நடந்தது. 1933இல் ‘லாஷ் லூர்’ என்ற இமை மை அமெரிக்கக் கடைகளில் கிடைத்தது. உள்ளே இருந்தது நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த சாயம், பாராஃபினிலின்டயமின். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பாராட்டு விழா என்று பார்லருக்குப் போன ஒஹையோ மாநிலப் பெண் ஒருவருக்கு, இமைக்கும் புருவத்துக்கும் மை போட்ட சில மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கியது; கண் முழுக்கப் புண்ணாகிப் பார்வையே போய்விட்டது. அந்தக் கம்பெனியை அரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் 1906ஆம் வருஷச் சட்டத்தில் உணவும் மருந்தும்தான் இருந்தன, அழகுசாதனம் இல்லை. அதிகாரிகள் அந்தப் பெண்ணின் முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைத்து ஆதரவு திரட்டினார்கள். பெண்கள் சங்கங்கள் மாநிலம் மாநிலமாகப் பிரசாரம் செய்தன. 1938இல் புதுச் சட்டம் வந்தது. அதிலும் ஓர் ஓட்டை: தலைச்சாயத்துக்கு விலக்கு, எச்சரிக்கை அச்சிட்டால் போதும். உங்கள் வீட்டு ஹேர் டை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்; புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆபத்தான அழகுசாதனத்தைத் திரும்பப் பெறக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அமெரிக்க அரசுக்கு 2022ஆம் வருஷச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதுவரை கம்பெனிகளைக் கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது.

இனி ஆண்களின் காலம். 1932இல் சார்லஸ் ரெவ்சன், அவருடைய அண்ணன், லாக்மன் என்ற கூட்டாளி மூவரும் நகப்பூச்சோடு ரெவ்லானைத் தொடங்கினார்கள். ஆர்டன் ரெவ்சனைப் பெயர் சொல்லக்கூட மாட்டார், ‘அந்த ஆள்’ என்பார். ரூபின்ஸ்டீனுக்கு அவர் வெறும் ‘நகக்காரன்’. அந்த ஆள் இருவருக்கும் தண்ணி காட்டினார். உதட்டுக்கும் நகத்துக்கும் ஒரே நிறம் வேண்டும் என்றார், சீசனுக்குச் சீசன் நிறத்தை மாற்றினார். டப்பா காலியாகும்வரை காத்திருக்காமல் அடுத்ததை வாங்கவைக்கிற வித்தை அது. 1952இல் ‘நெருப்பும் பனியும்’ என்ற நிறத்துக்கு அவர் போட்ட இரட்டைப் பக்க விளம்பரம் பெரிய பேச்சானது. வாசகங்களை எழுதியவர் கே டேலி, பெண்.

அதே காலத்தில் ஹேசல் பிஷப்புக்கு நடந்ததைக் கேட்டால், பணம் எப்படிக் கைமாறியது என்பது பளிச்சென்று தெரியும். இவர் வேதியியல் படித்தவர். எண்ணெய்க் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. ராத்திரி வீட்டுச் சமையலறையில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, கோப்பையிலும் சட்டைக் காலரிலும் ஒட்டாத லிப்ஸ்டிக்கைக் கண்டுபிடித்தார். 1950இல் கடைக்கு வந்த சரக்கு சூடான இட்லி மாதிரிப் போனது; மூன்றே வருஷத்தில் விற்பனை ஒரு கோடி டாலர். விளம்பரத்துக்குப் பணம் வேண்டும் என்று ரேமண்ட் ஸ்பெக்டர் என்ற விளம்பரக்காரரிடம் போனார். அவர் பணத்துக்குப் பதிலாகப் பங்குகளை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பெரும்பான்மைப் பங்கு ஸ்பெக்டர் கையில். பிஷப் நீதிமன்றம் போனார். 1954இல் 2,95,000 டாலர் வாங்கிக்கொண்டு வெளியேறுவதாக ஒப்பந்தம். அதன்படி அழகுசாதனம் எதையும் ‘ஹேசல் பிஷப்’ என்ற தன் சொந்தப் பெயரில் அவர் விற்க முடியாது. பெயரைக் கம்பெனி வைத்துக்கொண்டது. அவர் பிறகு பங்குத் தரகராகி, அழகுசாதனக் கம்பெனிகளின் பங்குகளை அலசிச் சொல்வதில் கெட்டிக்காரியானார். பிழைக்கத் தெரிந்தவர்.

1956இல் வீட்டிலேயே தலைச்சாயம் போடும் கிளெய்ரால் சரக்கு வந்தபோது, அதற்கு எழுதியவர் ஷெர்லி பாலிகாஃப். சாயம் போட்டிருக்கிறாளா இல்லையா, அவளுடைய பார்லர்க்காரிக்குத்தான் தெரியும் என்ற வாசகம். ‘லைஃப்’ பத்திரிகையின் ஆண்கள் இதில் இரட்டை அர்த்தம் கண்டு மறுத்தார்கள். பெண் ஊழியர்களிடம் கேட்டால் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை, விளம்பரம் வந்தது. படத்தில் கவர்ச்சிக்காரி கிடையாது. குழந்தையோடு நிற்கிற குடும்பப் பெண். தலைச்சாயத்தின் மேலிருந்த நாடகக்காரி முத்திரையை அந்தக் குழந்தை துடைத்தது.

1968 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டிக்கு வெளியே பெண்கள் கூடி, பொய் இமை, குதிகால் செருப்பு, அழகுப் பத்திரிகைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். (உள்ளாடையை எரித்தார்கள் என்பது கட்டுக்கதை.) தொழில் அசரவில்லை, கோபத்தையே சரக்கில் சேர்த்துக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் லோரியாலின் தலைச்சாயம் கிளெய்ராலைவிட விலை அதிகம். அதற்கு நியாயம் சொல்ல வேண்டியிருந்தது. ஏஜென்சி ஆண்கள் சொன்ன யோசனைகளில் பெண்ணை ஒரு ஆண் பார்த்து ரசிப்பான். அங்கே விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் இலோன் ஸ்பெக்ட் எரிச்சலாகி, பெண் தனக்காகவே பேசுகிற மாதிரி எழுதினார்: விலை அதிகம்தான், ஆனால் அதற்கு நான் தகுதியானவள். எழுதியவரின் கோபம் நிஜம். பெண்ணியம் விற்பனை வாசகமாக மாறியது அங்கேதான் என்றாலும் தவறில்லை. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆக, பெண்களுக்கு நன்மை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் பூசியவரைவிட விற்றவருக்கே அதிகம், அதுவும் விற்பனை பெண்களின் கைவழியாக நடந்தவரை. இன்றைக்குக் கணக்கு எப்படி என்று கேட்பீர்கள். அந்த வாசகத்தை இன்னமும் உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் லோரியாலை 1909இல் தொடங்கியவர் யூஜின் ஷூல்லர் என்ற ஆண் வேதியியலாளர். மகள் லிலியான் பெத்தான்கூருக்குச் சொத்து போனது. 2023 டிசம்பரில், ப்ளூம்பெர்க் பட்டியல்படி 10,000 கோடி டாலர் சொத்தை எட்டிய முதல் பெண், பேத்தி பிரான்சுவாஸ் பெத்தான்கூர் மேயர்ஸ். அவர் ஒரு டப்பாகூட வீடு வீடாகப் போய் விற்கவில்லை.